ஜாக்கியும் முட்டுக்கட்டையும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. பங்குனியில் நாலு நாள் லீவு கெஞ்சி வாங்கி ஊருக்குப் போயிருந்தேன். அப்பா ஊர் தஞ்சாவூர் பக்கம் அம்மாபேட்டை, அம்மா ஊர் திருவாரூர். போன இடத்தில் ஒரு பழைய கணக்கு கிளறி விடப்பட்டது. அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

பெரியப்பா வீட்டு ஷெட்டில் ஒரு பழைய ஜீப் நிற்கிறது. "நீயே எடுத்துக்கப்பா, இங்க கெடந்து துருப்பிடிக்குது"ன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கலை. டூல்ஸ் பெட்டியைத் திறந்தால் ஸ்பேனர் இருக்கு, வீல் பானா இருக்கு, ஜாக்கி இல்லை. கேட்டதும் பெரியப்பா முகம் மாறிவிட்டது. "அந்தச் சனியனை அப்பவே பழைய இரும்புக்குப் போட்டாச்சு."

அப்பவேன்னா 2007. ஐப்பசி அடைமழை. எனக்குப் பத்து வயசு இருக்கும். வெண்ணாற்றங்கரை மண்பாதையில் உர மூட்டையோடு ஜீப் போகிறது. நான் முன்சீட்டில். கரையிலிருந்து வயலுக்கு இறங்குகிற சரிவில் பின்பக்க இடது சக்கரம் பஞ்சர். டிரைவர் அண்ணன் இறங்கி ஜாக்கி வைத்தார். ஜாக்கி களிமண்ணுக்குள் இறங்கியது. கீழே செங்கல் வைத்தார், செங்கல் ரெண்டாகப் பிளந்தது. அப்புறம் மதகு ஓரம் கிடந்த ஒரு பழைய பலகையைக் கொண்டுவந்து போட்டுத் தூக்கினார். வண்டி அழகாக எழுந்தது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியைத் தூக்கிப் பிடித்து மாட்டும்போது வண்டி முன்பக்கம் அரை அடி நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழுந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அவர் வலது கை. ரெண்டு விரல் போய்விட்டது.

ஹேண்ட்பிரேக் போட மறந்துட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். "போட்டேன்யா, போட்டேன்யா"ன்னு அவர் அழுதார். பார்த்தால் பிரேக் கைப்பிடி இழுத்தபடிதான் இருந்தது. விழுந்த பிறகு இழுத்துவிட்டிருப்பான் என்றார்கள். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கப் பெரியப்பாதான் பார்த்தார், அதில் குறை இல்லை. ஆனால் பேர் பேர்தானே? "பிரேக் போட மறந்தவன்" என்று ஆன பிறகு ஊரில் யாரும் அவருக்கு ஸ்டியரிங் கொடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே இருந்து அந்தக் கைப்பிடியை அவர் 'கர்ர்ர்'னு இழுத்த சத்தம் நான் கேட்டேன். பத்து வயசுப் பையனை யார் கேட்பார்கள்? அப்புறம் வளர வளர எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிரேக் போட்ட வண்டி எப்படி நகரும்? நான்தான் தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறேன் போல என்று விட்டுவிட்டேன்.

இப்போது புது ஜாக்கி வாங்கணும். எந்த ஜாக்கி என்று படிக்கப் போனவன், வழக்கம்போல வரலாற்றில் போய் விழுந்தேன். விழுந்த இடத்தில் பதில் கிடைத்தது. வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில் அடி

நம்ம ஊரில் கனமான பொருளைத் தூக்குகிற பேச்சு வந்தால் உடனே பெரிய கோயிலுக்குத்தான் போவார்கள். 1010-ல் ராஜராஜன் முடித்த கோயில். 80 டன் ஒற்றைக்கல்லைச் சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்று நாமும் ஸ்கூல் டூரில் கேட்டு வாயைப் பிளந்திருக்கிறோம். உச்சியில் இருப்பது ஒரே கல் இல்லை, பல துண்டுகள் சேர்த்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதனால் பெருமை ஒன்றும் குறையாது. 200 அடிக்கு மேல் கல்லை ஏற்றினவனுக்கு அது ஒத்தைக் கல்லா பத்துக் கல்லா என்பதா பிரச்சினை?

ஆனால் ஜாக்கி விஷயத்துக்குப் பெரிய கோயிலை விடக் கல்லணைதான் நல்ல வாத்தியார். சோழன் கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் அணை, நீளம் ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் மேலே. அதன் அதிசயம் உயரத்தில் இல்லை, அடியில் இருக்கிறது. காவிரிப் படுகையில் எவ்வளவு தோண்டினாலும் மணல்தான், பாறை கிடையாது. அந்த மணலில் பெரிய பெரிய கல்லைப் போட்டார்கள். கல் தன் கனத்தில் கீழே இறங்கியது. அதன் மேல் இன்னொன்று. இறங்குவது நிற்கும்வரை கல் மேல் கல். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வேலை பார்த்து, 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த ஊர்க்காரர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று எழுதி வைத்திருக்கிறார்.

இதுக்கும் ஜாக்கிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சின்னக் கணக்கு. லோடு ஏற்றிய ஜீப்பின் ஒரு பின்மூலையைத் தூக்க ஜாக்கி மேல் சுமார் 500 கிலோ வரும் என்று வைப்போம். ஜாக்கியின் அடி 11 செ.மீ.க்கு 11 செ.மீ., அதாவது சுமார் 120 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 4 கிலோவுக்கு மேல் அழுத்தம். 60 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நின்றால் பாதத்தின் கீழே சதுர செ.மீ.க்கு 0.3, 0.4 கிலோதான். நம்ம காலே முழங்கால் வரை புதைகிற ஐப்பசிச் சேற்றில், அதைப்போல பத்து மடங்கு அழுத்துகிற ஜாக்கி புதையாமல் என்ன செய்யும்?

அதே ஜாக்கிக்குக் கீழே 45 செ.மீ.க்கு 45 செ.மீ. பலகை போட்டால் 2025 சதுர செ.மீ. அழுத்தம் 0.25-க்கு இறங்கிவிடுகிறது. ஒரு மனுஷன் ஒற்றைக் காலில் நிற்பதை விடக் கம்மி! பலகை வளையாத கனம் இருக்கணும், ரெண்டு இஞ்சாவது வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் ரெண்டும் கூடவே கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும்.

ஆக, மதகுப் பலகையைப் போட்ட டிரைவர் அண்ணன் அடியைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். பிரச்சினை அங்கே இல்லை.

ஜாக்கி வந்த கதை

ஜாக்கி வருவதற்கு முன்னாலும் நம்ம ஆட்கள் தூக்காமலா இருந்தார்கள்? மாட்டுவண்டிக்கு மசை போடணும் என்றால் ரெண்டு பேர் தோள் கொடுத்து ஒரு பக்கத்தைத் தூக்குவார்கள், மூன்றாவது ஆள் அச்சுக்கு அடியில் கட்டையை முட்டுக் கொடுப்பான். அதற்குப் பிறகுதான் சக்கரத்தைக் கழற்றுவார்கள். தூக்கிய ஆள் வேறு, தாங்கும் கட்டை வேறு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

திருகாணியால் கனம் தூக்கும் யோசனை ரொம்பப் பழசு. 13-ஆம் நூற்றாண்டு பிரான்சில் விலார் டி ஆனகூர் என்பவரின் நோட்டுப் புத்தகத்திலேயே திருகு வைத்துத் தூக்கும் கருவியின் படம் இருக்கிறது. எண்ணெயால் தூக்கும் ஜாக்கிக்கு அடிப்படை பாஸ்கல் விதி, நாம் பிளஸ் ஒன்னில் மனப்பாடம் செய்து ரெண்டு மார்க் வாங்கினது. அதை வைத்து 1795-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். பெரிய தலைவலி என்னவென்றால் பிஸ்டன் ஓரமாகத் தண்ணி கசியும். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேதான் கிண்ணம் மாதிரி தோல் வாஷர் போட்டு அதைத் தீர்த்தார் என்பார்கள். 1851-ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் இதையே கையில் தூக்கிப்போகிற சைஸுக்குக் கொண்டுவந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த வாஷர். இன்றைக்கு 2000 ரூபாய்க்கு வாங்குகிற ஹைட்ராலிக் ஜாக்கியிலும் உங்கள் வண்டியைத் தாங்கி நிற்பது ஒரு சின்ன ரப்பர் சீலும் ஒரு வால்வும்தான். சீல் தேய்ந்தால் வண்டி மெதுவாக இறங்கும், பிய்ந்தால் சட்டென்று இறங்கும். இரும்பு தாங்குகிறது என்று நினைத்துக் கீழே தலையை விடுகிறோம். தாங்குவது ரப்பர்!

நம்ம டெல்டா மக்கள் ஜாக்கியை முதலில் பார்த்தது ரயில்வே கேங்மேன் கையிலாகத்தான் இருக்கவேண்டும். 1860-களின் தொடக்கத்திலேயே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் வந்துவிட்டது. தண்டவாளம் தாழ்ந்த இடத்தில் ஜாக்கி வைத்துக் கொஞ்சம் தூக்கி, ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இடித்துத் திணித்து, அப்புறம் ஜாக்கியை எடுப்பார்கள். இங்கேயும் தூக்குவது ஜாக்கி, தாங்குவது ஜல்லி.

இப்போது வீட்டையே தூக்குகிறார்களே, அதுவும் இதே கதைதான். ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகிப் போனவர்கள் நூற்றுக்கணக்கில் ஜாக்கி வைத்து மூணு அடி, நாலு அடி உயர்த்துகிறார்கள். ஜாக்கியை அப்படியே விட்டுவிட்டா போகிறார்கள்? கொஞ்சம் தூக்கு, கட்டை கொடு, செங்கல் கட்டு, ஜாக்கியை எடு.

ஜீப்பும் அதன் பிரேக்கும்

ஜீப் பிறந்தது ரெண்டாம் உலகப்போரில். வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். 1947-ல் மஹிந்திரா இந்தியாவில் வில்லிஸ் ஜீப்பைக் கோர்க்க ஆரம்பித்தது. தஞ்சாவூர் மாவட்டத்தில் 1960-61-ல் 'பேக்கேஜ் புரோகிராம்' என்ற தீவிர விவசாயத் திட்டம் வந்த காலத்தில் ஜீப் என்றாலே பி.டி.ஓ.வும் விவசாய ஆபீசரும்தான். அப்புறம் மிராசுதார் வீடு, கல்யாணக் கூட்டம், தேர்தல் பிரச்சாரம் என்று ஊர் வண்டியாகிவிட்டது.

அந்தப் போர்க்கால ஜீப்பில் ஒரு விசேஷம் உண்டு. ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் கிடையாது! கியர் பெட்டிக்குப் பின்னால், பின்பக்கம் போகிற புரொப்பல்லர் ஷாஃப்டில் இருக்கும். அந்த வழியில் வந்த பல பழைய ஜீப்புகளிலும் அப்படியே. பெரியப்பா ஜீப்பின் அடியில் படுத்துப் பார்த்தேன் (நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போதுதான், பயப்படாதீங்க). டிரம் ஷாஃப்டில்தான் இருந்தது.

நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போது இது நன்றாகவே பிடிக்கும். ஆனால் பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால்? நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறதே, அதன் குணமே இதுதான்: ஷாஃப்ட் அசையாமல் நின்றாலும் ஒரு பக்கம் முன்னால் சுற்றினால் மறுபக்கம் பின்னால் சுற்றிக்கொள்ளும். தூக்கிய பக்கத்துக்குத் தரைப் பிடிப்பு இல்லை, அது இஷ்டத்துக்குச் சுற்றும். அதனால் தரையில் இருக்கும் மறுபக்கச் சக்கரமும் தாராளமாக உருளும். ஹேண்ட்பிரேக் முழுசாக இழுத்திருந்தாலும் வண்டி சரிவில் போகும். கியரில் போட்டிருந்தாலும் போகும்.

இதைப் படித்துவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த 'கர்ர்ர்' சத்தம் என் கற்பனை இல்லை. அவர் பிரேக் போட்டிருந்தார். அவர் சொன்னது நிஜம், நான் கேட்டதும் நிஜம். மெக்கானிக்கல் படித்த நான் டிஃபரன்ஷியலுக்குப் பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியிருக்கிறேன். ஒரு தடவைகூட இதை அதோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

அப்போ வண்டியை எது நிறுத்தியிருக்கும்? நாலணா பெறாத ஒரு கட்டை.

தேர் சொல்லும் பாடம்

மறுநாள் திருவாரூர். ஆழித்தேர் பார்க்காத டெல்டாக்காரன் உண்டா? அலங்காரத்தோடு 96 அடி, எடை சுமார் 300 டன் என்பார்கள். நீண்ட காலம் ஓடாமல் நின்ற தேர் 1970-ல் மறுபடி ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. வீதி முனையில் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகட்டைப் போட்டு, கிரீஸ் தடவி, சறுக்கவிட்டுத் திருப்புவார்கள்.

அம்மாச்சி வீட்டு ஜனமெல்லாம் மேலே பொம்மைக் குதிரையைப் பார்க்க, நான் இந்தத் தடவை கீழே சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹைட்ராலிக் பிரேக் இருந்தும், சக்கரத்தோடு சக்கரமாகக் கையில் முட்டுக்கட்டையோடு ஆட்கள் ஓடுகிறார்கள். எந்தச் சக்கரத்துக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு சரித்துக் கட்டையைக் கொடுக்கணும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தேர் வளைவதும் நிற்பதும் அந்தக் கட்டையில்தான்.

பேச்சில் 'முட்டுக்கட்டை போடுறான்' என்றால் நமக்குக் கெட்டவன். காரியத்தைக் கெடுக்கிறவன். அந்த வார்த்தை பிறந்த இடத்தில் அவன்தான் நாலு பேர் உயிரைக் காப்பாற்றுகிறவன்.

சரி, எந்த ஜாக்கி?

இவ்வளவு படித்த புண்ணியத்துக்கு, காடு மேடு வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக:

1. தாங்கும் எடை: ஒரு மூலையைத்தான் தூக்குகிறோம் என்று கஞ்சத்தனம் வேண்டாம். லோடோடு வண்டியின் மொத்த எடைக்கு ஜாக்கி வாங்குங்கள்.

2. உயரம்: காற்று இறங்கின டயரோடு அச்சு எவ்வளவு தாழ்ந்திருக்கும் என்று அளந்து பாருங்கள், அதற்குக் கீழே ஜாக்கி நுழையணும். பெரிய டயர் போட்டிருந்தால் மேலே போகும் உயரமும் போதணும். சேஸிஸைத் தூக்கினால் ஸ்பிரிங் தொங்கிக்கொண்டே வரும், சக்கரம் லேசில் எழும்பாது. பட்டை ஸ்பிரிங் ஜீப்புக்கு அச்சுக்குழாய்க்கு அடியில் வைத்து நேராகத் தூக்குவதே நல்லது.

3. உயரமான பண்ணை ஜாக்கி: 1905 முதல் அமெரிக்காவில் இண்டியானாவில் செய்கிற ஹை-லிஃப்ட் வகை. சேற்றில் மாட்டிய வண்டிக்கு இதைப்போல ஒன்று இல்லை, உண்மைதான். ஆனால் இரும்பு பம்பரோ கனமான பக்கவாட்டுக் கம்பியோ இல்லாத வண்டியில் வைக்க இடமே கிடையாது. இறக்கும்போது கைப்பிடி எகிறித் தாடையைப் பெயர்க்கும், தலை நேராக மேலே இருக்கக்கூடாது. உயரமாகத் தூக்கினால் பக்கவாட்டில் சாயும். வெளிநாட்டில் இதற்குச் செல்லப்பெயரே 'விதவையாக்கி'.

4. ஹைட்ராலிக் ஜாக்கி செங்குத்தாக நிற்கணும். வண்டியில் படுக்கப் போட்டுக் கொண்டுபோய் எண்ணெய் கசிந்ததா என்று அவ்வப்போது பாருங்கள்.

வைக்கும் முறை: முடிந்தவரை சமதரை. ஆட்களை இறக்குங்கள். பிரேக், கியர், நாலு சக்கர டிரைவ் இருந்தால் அதையும் போடுங்கள் (முன்பக்க ஹப்பில் பூட்டு இருந்தால் பூட்டிவிட்டு). இதெல்லாம் போட்ட பிறகும் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே லேசாகத் தளர்த்திவிடுங்கள். ஜாக்கிக்கு அடியில் பலகை. தூக்கியதும் ஸ்டெப்னியைச் சேஸிஸுக்கு அடியில் தள்ளி வையுங்கள், விழுந்தாலும் அதன் மேல் விழட்டும். கீழே படுத்து வேலை என்றால் இரும்பு ஸ்டாண்டு இல்லாமல் தலையை விடாதீர்கள்.

கடைசியாக

லீவின் கடைசி நாள் டிரைவர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இப்போது பால் சொசைட்டியில் கேன் இறக்குகிறார். பழைய பேப்பரில் படம் போட்டு, ஷாஃப்ட் இங்கே, பிரேக் இங்கே என்று விளக்கினேன். பாதி புரிந்ததோ என்னவோ, பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப நான் போட்டிருந்தேன்ல தம்பி?"

"போட்டிருந்தீங்கண்ணே. நானும் கேட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

உள்ளே திரும்பி, "இந்தா, தம்பி சொல்றதக் கேளு"ன்னு அண்ணியைக் கூப்பிட்டார். அவங்களுக்கும் முதலிலிருந்து ஒரு தடவை சொன்னேன்.

ராத்திரி பெரியப்பாவிடம் சொன்னேன். நீண்ட நேரம் பேசவில்லை. அப்புறம், "கட்டை போட்டிருந்தா நின்னுருக்குமா?"ன்னார்.

"நின்னுருக்கும் பெரியப்பா."

"கட்டை தேடப் போனான்ப்பா. நான்தான் மழை வருது, நேரமாச்சு, சீக்கிரம் முடிடான்னேன்."

நான் பஸ் ஏறும்போது, காலையிலேயே பெரியப்பா வண்டியை எடுத்துக்கொண்டு சொசைட்டிப் பக்கம் போனார் என்று பெரியம்மா சொன்னாங்க. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஜாக்கி இன்னும் வாங்கவில்லை. ஆசாரியிடம் சொல்லி நாலு முட்டுக்கட்டை செய்து வாங்கி ஜீப்பில் போட்டுவிட்டேன்.

டிஸ்கி: ஸ்டெப்னி என்கிற வார்த்தை வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் விற்ற உபரிச் சக்கரத்திலிருந்து வந்தது. அந்த ஊர்க்காரர்களே மறந்துவிட்ட பேரை நம்ம பஞ்சர் கடைகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. இதைப் பற்றித் தனிப் பதிவு போடுகிறேன், ஆணி குறைந்தால்.